சாம்பலில் விழாத கொலுசு

என் கணவர் அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் யாரும் குடியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்திருக்கிறாள். பேச ஒன்றும் கிடைக்காதபோது அவர் உலோகங்களைப் பற்றிச் சொல்வார். கோலாலம்பூரில் புடு பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், வார்ப்படப் பட்டறையில் அவருக்கு வேலை. ஈயச் சுரங்கங்களுக்கு வேண்டிய பம்பு உறுப்புகளும் சக்கரங்களும் அங்கே வார்ப்பார்கள். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே கூலிகள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இருந்தோம்.

ஒருநாள் ஒழுகிய குடத்துக்குப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

"காரீயம் உருக ஒரு சூடு வேணும். வெள்ளீயம் உருக ஒரு சூடு வேணும். ரெண்டையும் சேத்து வெச்சா ரெண்டுக்கும் முந்தின சூட்டுலயே உருகிடும்."

"அது ஏங்க?"

"தெரியல. சேந்தா அப்படித்தான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று இருவருமே சொல்லவில்லை. அடுத்த வருஷம் பாப்பா பிறந்தாள்.

பாப்பாவுக்குக் கொலுசு போட வேண்டும் என்று என் வெள்ளிக் காப்பை அழித்தோம். உள்ளே பரல் வைத்த கொலுசு. பலகைத் தரையில் அவள் நடந்தால் வீடு முழுக்கக் கேட்கும். அடுப்படியில் திரும்பிப் பார்க்காமலே அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சத்தம் நின்றால்தான் பயம். ஏதோ ஒன்றை எடுத்து வாயில் போட்டிருப்பாள்.

மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம், வேர்வை, பிறகு மறுபடி நடுக்கம். அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அதே காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. கொலுசைக் கழற்றும்போது கால் சின்னதாகிவிட்டதால் அது தானாக நழுவி வந்தது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

எங்கள் லயத்துக் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அங்கே மணி கிடையாது. ஒரு முழத் தண்டவாளத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பூசை நேரத்தில் பண்டாரம் அதை ஆணியால் தட்டுவார். கோயிலைப் புதுப்பித்தபோது மணி வேண்டும் என்ற பேச்சு வந்தது. கோயில் காரியங்களைப் பார்த்தவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா. ஊரிலிருந்து மணி வரவழைக்கலாம் என்று அவர் சொன்னார். அன்று கூட்டத்தில் என் கணவர் எழுந்து, "நானே ஊத்தித் தரேன் ஐயா" என்றாராம். கூட்டத்தில் அவர் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து, "பாப்பா கொலுச குடு" என்றார்.

"எதுக்கு?"

"மணியில போடலாம். காலையிலயும் சாயந்தரமும் அடிக்கிறப்ப கேக்கும்ல."

நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டேன். அன்றுமுதல் நான் அந்த மணிச் சத்தத்துக்காகத்தான் இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாப்பாவின் சத்தம் என் காதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது முழுதாகப் போவதற்குள் மணி தொங்கிவிட வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

எங்களுக்குள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். குழாயடியில் அது பரவியது. அந்த மழைக்காலத்தில் பிள்ளையை இழந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யார் வீட்டிலும் தங்கம் இல்லை. செம்புக் குடம் வைத்திருந்தவர்களும் குறைவு. இந்த நாட்டில் ஏழைக்குக் கிடைக்கும் உலோகம் வெள்ளீயம்தான். புருஷன் சுரங்கத்தில் வேலை செய்தால் வீட்டில் ஒரு துண்டு ஈயமாவது இருக்கும். ஊரிலிருந்து கப்பலேறி வந்தவளிடம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கும். பிள்ளை விளையாடிய ஈயக் கிலுகிலுப்பை இருக்கும். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த ஒரு பெண், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொண்டுவந்தாள். அதுவும் ஈயம்தான். அதன் மூக்கில் ஒரு பல்தடம் இருந்தது. அவள் என்னிடம் அதைத் தொட்டுக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

மணி வார்ப்பது வெள்ளிக்கிழமை காலையில். பட்டறை முற்றத்தில் சூளைக்குப் பக்கத்தில் கோலம் போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். மணியின் அச்சைக் குழிக்குள் இறக்கி மண் இடித்திருந்தார்கள். வாழை இலை விரித்து, அதன்மேல் எல்லோரும் கொண்டுவந்ததைக் குவித்தார்கள். குவியல் என் இடுப்பளவு வந்தது. தவுக்கே அதைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு சொம்பை எடுத்து நகத்தால் கீறினார்.

"தீமா. எல்லாம் தீமா," என்று என் கணவரிடம் மலாயில் சொன்னார். ஈயத்தை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். "பாதிக்கு மேல எடுத்துரு. மணி நிக்காது."

என் கணவருக்கும் அது தெரியும். நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு ஈயம், அதுதான் மணிக்கு அளவு என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஈயம் ஏறினால் மணி கண்ணாடியாகிவிடும், காரீயம் சேர்ந்தால் ஊமையாகிவிடும் என்பார். அவர் கிராணி ஐயாவிடம் போனார்.

"ஐயா, ஈயம் கூடிப்போச்சு. கொஞ்சத்த எடுத்து வெச்சிரலாமா?"

"சாமிக்கு எண்டு தந்ததை எப்படித் திருப்பிக் குடுக்கிறது? நீரே சொல்லும். ஆருடைய சாமானை எடுப்பீர், ஆருடைய சாமானை விடுவீர்?"

கிராணி ஐயா கோபமாகச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாமிக்கு என்று இலையில் வைத்ததைக் கையால் தொட்டு ஒதுக்குவது பாவம். என் கணவர் குவியலுக்கு முன்னால் வந்து குனிந்தார். அவர் கை முதலில் போனது அந்தப் பாலாடையின் மேல். எதிரே கிள்ளான் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவர் அதை ஒதுக்கிவைக்கவில்லை. எடுத்து, கண்ணில் ஒற்றி, மூசைக்குள் போட்டார். மூசை என்றால் உலோகம் உருக்கும் பெரிய சட்டி. அதன் பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் உள்ளே போயின. பட்டறையில் இருந்த செம்பையெல்லாம் அவர் சேர்த்துப் பார்த்தார். போதவில்லை.

பட்டறை ஆட்கள் துருத்தியை மிதித்துக்கொண்டே கேலி பேசினார்கள்.

"அண்ணே, இத்தனை ரசச் சொம்பு உள்ள போகுதே, மணி அடிச்சா பெருங்காய வாசம் வருமாண்ணே?"

"வந்தா உனக்கு நல்லதுதான்டா. உன் பொண்டாட்டி வெக்கிற ரசத்துல அதுதான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான்கூடச் சிரித்தேன். யாரோ போட்ட பித்தளை விளக்கு உருகியதும் வெள்ளைப் புகை கிளம்பிப் பஞ்சு பஞ்சாக எங்கள் தலையில் இறங்கியது. அதை மூச்சில் இழுத்தால் சாயந்தரம் குளிர்க் காய்ச்சல் வரும் என்று ஆண்கள் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவர் பச்சைக் கொம்பால் உலோகத்தைக் கிண்டினார். அது கொதித்துக் குமிழிவிட்டு அடங்கியது. மேலே படர்ந்த ஆடையை ஒதுக்கினார். உள்ளே சூரியனைப் போல இருந்தது. கடைசியாக மடியிலிருந்து கொலுசை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கை காலியாக இருந்தது.

ஊற்றும்போது உலோகம் தண்ணீர் மாதிரி ஓடியது. கொஞ்சமும் தயங்கவில்லை, நடுவில் திக்கவில்லை. "பாத்தீரோ, என்ன மாதிரி ஓடுது!" என்று கிராணி ஐயா கைகூப்பினார். பெண்கள் குலவையிட்டார்கள். தவுக்கே மட்டும் உள்ளே போய்விட்டார். என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். ஈயம் கூடினால் உலோகம் இளகி அப்படித்தான் ஓடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் முகத்தில் இருந்தது அனல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறவிட்டு அச்சை உடைத்தபோது மணி வெள்ளையாக இருந்தது. சாதாரண மணியின் பழுப்பு நிறம் அதில் இல்லை. விளிம்பில் போட்டிருந்த வேலும் பூவும் நறுக்காக விழுந்திருந்தன. "வெள்ளி தெரியுது பாருடி. பிள்ளைங்க போட்ட வெள்ளி அத்தனையும் தெரியுது" என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு ஜோடிக் கொலுசு அவ்வளவு பெரிய மணியை எப்படி வெளுக்கும் என்று நான் யோசிக்கவில்லை. என் கணவர் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுண்டிப் பார்க்கவில்லை. கோயிலில் முதல் அடி விழும்வரை மணியைத் தட்டக்கூடாது என்பது வழக்கம்.

மணியை முதலில் அடிக்கும் நாளில் கோயிலில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் கடைசியில், தூணை ஒட்டி நான் நின்றேன். எனக்கு மணி தெரியவில்லை. தெரியவும் வேண்டாம், கேட்டால் போதும். திரை விலகிற்று. தீபம் காட்டினார்கள். அந்த நிமிஷத்தில் மேளம் உச்சத்தில் இருந்தது, நாகசுரம் இருந்தது, சங்கு ஊதினார்கள். பண்டாரம் கயிற்றை இழுத்தார். இழுத்ததைத் தூக்கிக் கும்பிட்ட கைகளுக்கு நடுவில் பார்த்தேன். மணி ஒலித்திருக்கும். என்னால் கேட்க முடியவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. பண்டாரம் ஆர்வத்தில் இன்னும் பலமாக இழுத்துக்கொண்டே இருந்தார். மேளம் ஓய்ந்தது. எல்லோரும் மணியைக் கேட்க அமைதியானார்கள்.

டொக் என்றது. மறுபடி இழுத்தார். டொக். விறகில் கோடரிக் காம்பு பட்டது போல ஒரு சத்தம்.

என் கணவர் ஏறிப் பார்த்தார். விளிம்பிலிருந்து தோள்வரை ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. விரலால் அதைக் கீழிருந்து மேலே தடவினார். இறங்கி வந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். அந்தக் கோயிலில் அந்த மணி எழுப்பிய நல்ல சத்தம் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவை மேளத்துக்குள் போய்விட்டன. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று நான் இதுவரை யாரையும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை.

விரிசல் விட்ட மணி கோயிலில் தொங்கக்கூடாது என்று அதை இறக்கிக் கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் போட்டு வைத்தார்கள். மறுபடி உருக்கிச் செம்பு சேர்த்து ஊற்றித் தருகிறேன் என்று என் கணவர் கேட்டார். கிராணி ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேண்டாம் தம்பி. சனம் பயந்து போச்சுது. பிள்ளையள் செத்த வீட்டுச் சாமான் எண்டு இப்ப கதைக்கினம்."

அதே பெண்கள்தான் அப்படிப் பேசினார்கள். கிலுகிலுப்பை கொண்டுவந்தவளும் அதில் ஒருத்தி. என்னைக் கண்டால் குழாயடியில் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அந்த நாட்களில் நான் கன்னிமார் மடத்தில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தையல் அறையைப் பார்த்தவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வயதான சிஸ்டர். நாங்கள் இருவரும் பேசியது மலாயில்தான். அவர் மலாயும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் எனக்கு அவரிடம் பேசக் கூச்சம் குறைவு. தன் ஊரைப் பற்றிச் சொல்வார். மதில் சூழ்ந்த பழைய பட்டணம். சந்து சந்தாகத் தெரு, ஒரு தெரு முழுக்கக் கன்னார்கள், ஒரு தெரு முழுக்கச் சாயக்காரர்கள். மேல்மாடிப் பெண்கள் கூடையைக் கயிற்றில் இறக்கிக் காய்கறி வாங்குவார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே எல்லாவற்றையும் மணிதான் சொல்லுமாம். கோட்டைக் கதவு திறக்க ஒரு மணி, சந்தை கூட ஒரு மணி, தீப்பிடித்தால் ஒன்று, சாவுக்கு ஒன்று. அவருடைய முன்னோர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மணி வார்த்தவர்களாம்.

எங்கள் மணியைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை. ஒருநாள் அவராகவே சிரித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். புது மணி வார்க்கும் நாளில் ஊரே திரளுமாம். சாமியார்கள் பிரசங்கம் செய்வார்களாம். பெண்கள் அழுதுகொண்டே தோடு, மோதிரம், வெள்ளிக் கரண்டி, ஈயத் தட்டு எல்லாவற்றையும் கொண்டுவருவார்களாம். சூளையின் மேலே அதற்கென்று ஒரு ஓட்டை. எல்லோரும் அதில் போடுவார்களாம்.

"தீப்பு," என்றார் சிஸ்டர். தீப்பு என்றால் மலாயில் ஏமாற்று. "அந்த ஓட்டைக்குக் கீழே உலோகம் இல்லை. சாம்பல்தான். ஜனங்கள் கொண்டுவருவதை உள்ளே விட்டால் மணி என்ன ஆகும்? மறுநாள் சாம்பலைச் சலித்து எடுத்துக்கொள்வார்கள். என் கொள்ளுத்தாத்தா எல்லாம் நல்ல திருடர்கள்! ஆனால் அவர்கள் வார்த்த மணி இன்னும் அடிக்கிறது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் நுழையவில்லை. எச்சில் தொட்டு மறுபடி கோத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். கண் சரியாகத் தெரியவில்லை, சிஸ்டர் என்றேன்.

வீட்டுக்கு வந்து அதை இவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். சிஸ்டர் சொன்னது வேடிக்கைக் கதை, இவர் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று, ஒருவேளை சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"கெட்டிக்காரனுங்க" என்றார். அப்புறம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி ஒரு ஓட்டை வெச்சிருந்தா மணியும் அடிச்சிருக்கும். கொலுசும் சாம்பல்லதானே கெடந்திருக்கும்" என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. அவர் ஏமாற்றியிருந்தால், கிள்ளான் பெண்ணின் கண்ணெதிரே பாலாடையைப் பொய் ஓட்டையில் போட்டிருந்தால், அவளுக்கும் மணி கிடைத்திருக்கும், எனக்கும் மணி கிடைத்திருக்கும். யாரும் இல்லாதபோது சாம்பலைக் கிளறி, கறுத்துப்போன கொலுசைப் புளி போட்டுத் துலக்கி மறுபடி பெட்டியில் வைத்திருக்கலாம். நாங்கள் ஒரு பொய்யும் செய்யவில்லை. அதனால்தான் இரண்டும் இல்லை.

கோயில்காரர்கள் கடைசியில் மணியைப் பழைய உலோகமாகத் தவுக்கேயிடமே கொடுத்துவிட்டார்கள். மாட்டுவண்டியில் ஏற்றிப் போனதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். மறுநாள் இவருக்குச் சோறு கொடுத்தனுப்ப மறந்துவிட்டதால் நானே பட்டறைக்குப் போனேன். இவர் சம்மட்டியால் மணியை உடைத்துக்கொண்டிருந்தார். ஓங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஓடு உடைவது போல உடைந்தது. ஒரு சில்லு என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடம் வெல்லத்தை உடைத்தது போலக் கரகரவென்று சாம்பல் வெள்ளையாக இருந்தது. எவ்வளவு பார்த்தும் அதில் ஒன்றும் இல்லை.

"இதுல இருக்குமாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் இருக்கும். எதுலயும் தனியா இருக்காது."

"பிரிக்க முடியாதா?"

"சேத்தவனால முடியாது."

தவுக்கே உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமானால் அந்தத் துண்டை வைத்துக்கொள்ளட்டும் என்று கையால் காட்டினார். கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் பெண்ணின் பாலாடையும் அதில் இருந்தது, யார் யாருடைய சொம்போ இருந்தது. என்னுடையது என்று அதை எப்படி வீட்டுக்கு எடுத்துப்போவது? குவியலிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதில் நிறையச் செம்பு சேர்த்து, ஈயம் காட்டிய குணத்தை அடக்கி, இவரே உருக்கி ஊற்றினார். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இந்தத் தடவ சரியா வந்துச்சு."

"என்னவா ஊத்துனீங்க?"

"புஷ். பம்புல அச்சு சுத்துற எடத்துல உள்ள போடுற வளையம். வெளிய தெரியாது."

"அது சத்தம் போடுமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"நல்ல புஷ்னா சத்தமே வராது. எண்ணெய் குடிச்சுக்கிட்டு சும்மா கெடக்கும். சத்தம் வந்தா தேஞ்சு போச்சுன்னு கழட்டித் தூக்கிப் போட்டுருவாங்க."

நான் சோறு போட்டேன். இருவரும் சாப்பிட்டோம்.